ஆடுகிற நாற்காலிக் கொட்டகை

குஞ்சம்மாளுக்குப் பேச்சு எப்போதுமே கம்மி. திருநாவலூர்ப் பக்கம் பிறந்த வீடு. வரிசையாகப் பெண்களாகப் பிறந்த வீட்டில் அவள் நடுவில் பிறந்தவள். "எங்க அக்கா தங்கச்சிங்க எல்லாம் பேசித் தீத்துட்டாளுங்க, எனுக்கு மிச்சம் வெக்கல" என்று பின்னாளில் அவளே சொல்லிச் சிரிப்பாள். வடக்கனந்தலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது மாமியார் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மருமவ வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருக்கா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டாள். அதற்கும் அவள் பதில் சொல்லவில்லை.

அவள் பேசாததற்கெல்லாம் சேர்த்துப் பேசுகிறவனாக இருந்தான் அவள் புருஷன் இருசப்பன். கிணறு வெட்டும் கூட்டத்தில் அவன் ஒரு ஆள். மலையடிவாரத்துக் காடுகளில் எங்கெல்லாம் பாறை குறுக்கே நின்று தண்ணீரை மறைத்ததோ அங்கெல்லாம் அவர்களைக் கூப்பிடுவார்கள். குழி போட்டு, வேட்டு வைத்து, சிதறின கல்லை அள்ளி மேலே அனுப்ப வேண்டும். கயிற்றில் இறங்கும்போதே பேச ஆரம்பிப்பான். கிணற்றுக்குள்ளிருந்து அவன் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் கிடுகிடுவென்று மேலே வரும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. பாறை எப்படிப் பிளந்தது, காட்டுக்காரர் எப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஊற்று எங்கே கசிந்தது என்று ஒன்று விடாமல் சொல்வான். குஞ்சம்மாள் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

மகள் வெண்ணிலா வயிற்றில் இருந்தபோது அது நடந்தது. எல்லா வேட்டும் வெடித்துவிட்டதென்று நினைத்துக் கல் அள்ள இறங்கினார்கள். ஒன்று வெடிக்காமல் கிடந்திருக்கிறது. இருசப்பன் கடப்பாரை போட்ட இடத்தில் அது வெடித்தது. புதுச்சேரிப் பெரியாஸ்பத்திரியில் உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள். கண்கள் இரண்டும் போனது போனதுதான்.

வீட்டுக்கு வந்தவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சாப்பாடு வைத்தால் தின்பான். வெளியே போகக் கையைப் பிடித்தால் எழுந்து வருவான். ஒரு சொல் பேச மாட்டான். அவளுக்கோ பேசத் தெரியாது. குழந்தை பிறந்தது, தொட்டில் கட்டினார்கள், பெயர் வைத்தார்கள். அத்தனைக்கும் அவன் சுவரைப் பார்த்தே கிடந்தான். அழுகிற குழந்தையைத் தவிர அந்த வீட்டில் யாருக்கும் வாய் இல்லை என்று தெருவில் சொன்னார்கள்.

குழந்தைக்கு முகம் பார்க்கிற பருவம் வந்தது. ஒரு நாள் மத்தியானம் தொட்டிலை விலக்கிப் பார்த்த குஞ்சம்மாள், தன்னை அறியாமல் வாய்விட்டுச் சொன்னாள்:

"சிரிக்குது."

சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது. எத்தனையோ நாள் பூட்டிக் கிடந்த கதவு திறக்கிற மாதிரி கரகரவென்று வந்தது.

"எப்பிடி சிரிக்குது?"

குஞ்சம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படிச் சிரிக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வது? குழந்தை குழந்தை மாதிரிதான் சிரிக்கிறது. ஆனால் அவன் கேட்டுவிட்டானே. பதில் சொல்லாவிட்டால் மறுபடியும் அந்தக் கதவு சாத்திக்கொள்ளுமே. குழந்தையையே உற்றுப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வாயி ஒரு பக்கமா இழுத்துக்கினு போவுது," என்றாள். "ஒன்ன மாரியே."

அவன் சுவரிலிருந்து இந்தப் பக்கம் திரும்பினான்.

அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் குஞ்சம்மாளின் பேச்சு. முதலில் குழந்தையைப் பற்றி மட்டும் சொன்னாள். பிறகு வாசல், தெரு, வானம். கரும்பு வெட்டப் போய்விட்டு வந்தால், தோகை கீறிய கையோடு உட்கார்ந்து அன்றைக்குப் பார்த்ததையெல்லாம் சொல்வாள். நிறத்துக்குச் சொல் தெரியாமல் முதலில் தவித்தாள். போகப்போக, பழுத்த மிளகாய் நிறம், கத்திரிப்பூ நிறம், பால் குடிக்கிற பூனையின் வாய்க்குள் தெரிகிற நிறம் என்றெல்லாம் கண்டுபிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டுமே என்பதற்காகவே எதையும் நின்று பார்க்கிற பழக்கம் வந்தது. "குஞ்சம்மாளே, வெட்டறியா வேடிக்க பாக்கறியா?" என்று கூட வெட்டுகிற பெண்கள் கேலி செய்வார்கள். பஸ்ஸில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப பாலம். தண்ணி இல்ல. ரெண்டு கொக்கு நிக்குது. அந்தாண்ட ஒரு ஆளு சைக்கிள்ல கோழியக் கட்டி எடுத்துக்கினு போறான்" என்று அவள் சொல்லிக்கொண்டே வரும்போது, தெரியாதவர்கள் திரும்பி ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அவள் லட்சியம் செய்ததில்லை. மூத்த மகன் வீட்டில் இருந்த மாமியார் கடைசிவரை அதை நம்பாமலேயே செத்தாள். "அவளா பேசறா? அந்தக் கொழுக்கட்டையா?" என்பாள்.

இருசப்பன் கட்டில் பின்னக் கற்றுக்கொண்டான். இரும்புச் சட்டத்தில் நைலான் பட்டை இழுத்துக் கட்டுகிற வேலை. வீட்டு முன்னாலேயே உட்கார்ந்து செய்வான். வேலை செய்துகொண்டே அவள் சொல்வதைக் கேட்பான். கேட்பதோடு சரி. முன்னைப் போல் அவன் பேசவில்லை. "ம்", "அப்டியா", "எம்மாம் பெருசு?" என்பதற்கு மேல் போகாது. அதுவே பெரிது என்று அவள் இருந்தாள்.

வெண்ணிலா வளர்ந்து பன்னிரண்டாவது முடித்துத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். விடுதியில் தங்கிக்கொண்டு வேலை. பொங்கலுக்குத்தான் சேர்ந்தாற்போல் லீவு. அந்த வருஷம் வந்து இறங்கியதும் இறங்காததுமாக அவள் சொன்ன முதல் சேதி:

"எம்மா, இந்த வாட்டி கரிநாளுக்கு டேமுக்குப் போவல. கள்ளக்குறிச்சி பொருட்காட்சிக்குப் போறோம். மூணு பேரும்."

கரிநாள் என்றால் காணும் பொங்கல். ஊரில் பாதி சனம் அன்றைக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு கோமுகி அணைக்குப் போகும். மீதிச் சனம் மலை மேல் அருவிக்குப் போகும். குஞ்சம்மாள் குடும்பம் வருஷா வருஷம் அணைக்குத்தான்.

"பொருட்காட்சில இன்னா கீது? அப்பளம் வாங்கித் துன்ன அம்மாந்தூரம் போவணுமா?" என்றாள் குஞ்சம்மாள்.

"அங்க ஒரு கொட்டகை வந்திருக்காம்மா. உள்ள போய் நாற்காலில ஒக்காந்தா, எதுருல படம் ஓடும். படத்துல வண்டி போனா நம்ம நாற்காலியும் போவும். அதுல மழை பேஞ்சா நம்ம மேல தண்ணி அடிக்கும். எங்க ரூம்ல இருக்கற பொண்ணு ஈரோட்ல போய் வந்து ஒரு வாரம் அதே பேச்சு."

கட்டில் பட்டையை இழுத்துக்கொண்டிருந்த இருசப்பன் தலையைத் தூக்கினான். "நாற்காலி ஆடுமா? அதுக்கு கள்ளக்குறிச்சி எதுக்கு? நம்ம வூட்டு நாற்காலியே ஆடிக்கினுதான கெடக்குது."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்ததில் முடிவாகிவிட்டது.

கரிநாளன்று பஸ்ஸில் நிற்க இடமில்லை. யாரோ ஒரு பையன் எழுந்து இருசப்பனுக்கு இடம் கொடுத்தான். குஞ்சம்மாள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொல்லிக்கொண்டு வந்தாள். கரும்பு டிராக்டர் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு போவது, மாட்டுக் கொம்புக்கெல்லாம் நீலமும் சிவப்புமாக வர்ணம் அடித்திருப்பது, ஒரு பெண் தலையில் கொண்டையை விடப் பெரிதாகப் பூ வைத்திருப்பது, எல்லாம். வெண்ணிலா இரண்டு வரிசை தள்ளி நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரை விட்டுப் போய் இருந்து பார்த்தவளுக்குத்தான் அந்தக் குரல் எவ்வளவு விடாமல் ஓடுகிறது என்று தெரிந்தது.

பொருட்காட்சி மைதானத்தில் கூட்டம் கரும்பு அடுக்கினது போல் இருந்தது. ராட்டினம், மிளகாய் பஜ்ஜி, ஆள் முகம் அகலத்துக்கு அப்பளம். கொட்டகை கடைசியில் இருந்தது. வெளியே தகரத்தில் பெரிய படம் எழுதியிருந்தார்கள். வாயைப் பிளந்த ஒரு மிருகம், நெருப்பு, இருட்டுக் குகைக்குள் பாய்கிற ஒரு இரும்பு வண்டி. குஞ்சம்மாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கட்டணப் பலகைக்கு வந்தாள். சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள்.

"இன்னா போட்டிருக்கான்?" என்றான் இருசப்பன்.

"ஒண்ணுமில்ல."

பழைய விலையின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, பண்டிகைக்கென்று புது விலை எழுதியிருந்தது. தலைக்கு முன்னூறு. படம் பார்க்க மாட்டுகிற கண்ணாடிக்குத் தனி. உள்ளே ஓடுவது சில நிமிஷப் படம்தான் என்று வெளியே வந்தவர்கள் பேசிக்கொண்டு போனார்கள். முன்னூறு என்றால், அவள் பொழுதெல்லாம் குனிந்து கரும்பு வெட்டினால் வருகிற கூலி.

"வேணாண்டி," என்று மகள் காதில் சொன்னாள். "ராட்டினம் ஏறிட்டுப் போயிடலாம். இவனுங்க பகல் கொள்ள அடிக்கறானுங்க."

"நான் சம்பாதிச்ச காசும்மா. கம்மு இரு," என்று வெண்ணிலா சன்னலுக்குள் கையை நீட்டினாள்.

டிக்கெட் கொடுப்பவன் தொப்பி போட்ட ஆள். கெட்டவன் என்று சொல்ல முடியாது. இருசப்பனைப் பார்த்துவிட்டு, மகளிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். "ஏம்மா, பெரியவருக்கு டிக்கெட்டு எதுக்கு? உள்ள போனாலும் அவருக்கு ஒண்ணும் தெரியப் போறதில்ல. சேர் போட்டுத் தரேன், இப்பிடி நெழல்ல ஒக்காரட்டும். நீங்க பாத்துட்டு வாங்க."

வெண்ணிலாவின் கை சன்னலிலேயே நின்றது. குஞ்சம்மாள் மனசிலும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் வேறொரு ஆள் வாயிலிருந்து கேட்டபோது சுருக்கென்றது. சட்டென்று சொன்னாள்: "நானும் அவரோட இருந்துக்கறேன். நீ மட்டும் போய்ப் பாத்துட்டு வாடி. வந்து எங்களுக்குச் சொல்லு."

"எத்தினி நாளைக்கும்மா சொல்லிக்கினே இருக்கறது?" என்றாள் வெண்ணிலா. "இது சொல்ற விசயம் இல்ல. மேல படற விசயம். அதுக்குத்தான இதப் பாத்துப் பாத்துக் கூட்டியாந்தேன். வேற படம் பாக்கற எடம்னா கூப்புட்டிருப்பனா?"

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"குஞ்சு," என்றான் இருசப்பன். "இம்மாந்தூரம் வந்து கொட்டகை வாசல்ல குந்திக்கினு இருக்கவா? போவலாம் வா." பிறகு சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினான். "தம்பி, எனுக்கும் ஒரு கண்ணாடி குடுங்க. எல்லாருக்கும் உண்டானது எனுக்கும் உண்டுல்ல."

தொப்பிக்காரன் ஒரு நொடி விழித்தான். பிறகு மூன்று கண்ணாடி எடுத்துக் கொடுத்தான்.

கறுத்த, தடித்த கண்ணாடி. இருசப்பன் அதை மாட்டிக்கொண்டு காதோரம் சரி செய்தான். முகத்தில் இருந்த தழும்புகள் பாதி மறைந்துவிட்டன. "எப்பிடி கீறேன்?" என்றான்.

குஞ்சம்மாள் பார்த்தாள். இப்படி ஒரு கேள்வியை அவன் அவளிடம் கேட்டதே இல்லை. மற்றதெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்பான். தன்னைப் பற்றிக் கேட்டதில்லை.

"மாப்ள மாரி கீற," என்றாள். சொல்லிவிட்டு, மகள் கேட்டாளோ என்று வெட்கப்பட்டாள்.

உள்ளே நான்கைந்து வரிசை நாற்காலிகள். இருசப்பனை நடுவில் உட்கார வைத்து, இந்தப் பக்கம் குஞ்சம்மாளும் அந்தப் பக்கம் வெண்ணிலாவும் உட்கார்ந்தார்கள். இடுப்பில் பெல்ட் மாட்டி, குறுக்கே ஒரு இரும்புக் கம்பியை இறக்கினார்கள். விளக்கு அணைந்தது.

குஞ்சம்மாள் வழக்கம்போல் தயாரானாள். "இருட்டா இருக்குய்யா. இப்ப வெளிச்சம் வருது. தண்டவாளம் தெரியுது. நாம ஒரு இரும்புப் பொட்டி வண்டில குந்தியிருக்கற மாரி..."

வண்டி நகர்ந்தது. நாற்காலி மெல்ல முன்னால் சாய்ந்தது. தண்டவாளம் ஒரு பெரிய பள்ளத்தின் விளிம்பில் போய் அப்படியே கீழே முறிந்து இறங்கியது. நாற்காலி பொத்தென்று விழுந்தது.

"அய்யோ மாரியாத்தா!" என்று அலறியவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

நாற்காலி இடமும் வலமும் பிய்த்து எறிந்தது. காது கிழிகிற சத்தம். மூடின கண்ணைத் திறக்கப் பார்த்தாள். பாறை ஒன்று நேரே மூக்குக்கு வந்தது. மறுபடி மூடிக்கொண்டாள். இரண்டு கையாலும் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பயத்துக்குள்ளும் அவளுக்கு ஒரு கவலை இருந்தது. அவன் காத்திருப்பான். என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாமல் இருட்டில் உருட்டப்பட்டுக்கொண்டிருப்பான். சொல்லியாக வேண்டும். வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. வெண்ணிலா தொட்டிலில் சிரித்த நாளிலிருந்து ஒரு நாளும் இப்படி ஆனதில்லை.

அப்போது பக்கத்திலிருந்து அவன் குரல் கேட்டது.

"பயப்படாத குஞ்சு. எறங்கறோம். கெணத்துல எறங்கற மாரிதான். காத்து கீழேர்ந்து வருது பாரு... இப்ப திரும்பப் போறான், சோத்தாங்கைப் பக்கம். அப்பிடியே சாஞ்சி குடு. எதுத்துக்கினு ஒக்காந்தாதான் தூக்கிப் போடும்."

அவள் சாய்ந்து கொடுத்தாள். நாற்காலி அவன் சொன்ன பக்கமே திரும்பியது.

"இப்ப மேல ஏறுது. மெதுவா ஏறுதுன்னா பெருசா வுழப் போவுதுன்னு அர்த்தம். புடிச்சிக்கோ. புடிச்சிக்கோ... ஆங்! வுழுந்துட்டமா? அவ்ளோதான். ஒண்ணும் ஆவல."

அவன் குரல் குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி கிடுகிடுவென்று வந்தது. அவளுக்கு அந்தக் குரலை அடையாளம் தெரிந்தது. இருக்கிறதென்றே மறந்து போயிருந்தாள்.

கால் பக்கத்தில் எதுவோ சுரீர் சுரீரென்று அடித்தது. வரிசை முழுக்கக் கத்தினார்கள். "எலி டோய்!" என்று இருசப்பன் காலைத் தூக்கினான். "ரப்பர் கொழா குஞ்சு, ரப்பர் கொழா. எலின்னு நெனச்சிக்கச் சொல்றான்." முன்வரிசையில் யாரோ திரும்பி, "யோவ் பெருசு, படம் பாக்க வுடுய்யா" என்றார்கள். "அவரு சொல்லட்டும். அதான் நல்லாருக்குது" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

அப்போதுதான் வெடித்தது.

நெஞ்சுக்குள்ளேயே வெடித்த மாதிரி. நாற்காலி ஒரு குதி குதித்தது. புகை வாடை வந்தது. குஞ்சம்மாளுக்குப் பயமெல்லாம் பறந்து, உடம்பு சில்லிட்டுப் போயிற்று. என்ன காரியம் செய்துவிட்டோம், எங்கே கொண்டு வந்து இவனை உட்கார வைத்துவிட்டோம் என்று பதறினாள். அவன் கை அவள் கைக்குள் கல்லாக இறுகிவிட்டிருந்தது. பேச்சு நின்றுவிட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்த முதுகு அவளுக்கு ஞாபகம் வந்தது. "நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க!" என்று கத்தினாள். அந்தச் சத்தத்தில் யார் காதில் விழப்போகிறது?

மெல்ல அந்தக் கை தளர்ந்தது. அவள் புறங்கையைத் தட்டிக் கொடுத்தது.

"கத்தாத புள்ள," என்றான். மூச்சு வாங்கியது அவனுக்கு. "இது சினிமா வேட்டு. இதுல கல்லு வராது."

அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் எதிரிலிருந்து சிலீரென்று தண்ணீர் முகத்தில் அடித்தது. இருசப்பன் ஒரு நொடி அசையாமல் இருந்தான். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தான். பெல்ட் இழுத்துப் பிடித்தது. இருந்த இடத்திலிருந்தே கொட்டகை அதிரக் கத்தினான்:

"ஊத்துக்கண்ணு தெறந்துடுச்சி டோய்! மேல சொல்லுங்கடா! தண்ணி டோய்!"

கொட்டகை முழுக்கச் சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள். முன்னால் "படம் பாக்க வுடு" என்றவனே "தண்ணி டோய்" என்று கூடக் கத்தினான். கண்ணை மூடியிருந்த குஞ்சம்மாளின் கன்னத்தில் தெளித்த தண்ணீரும் அவள் கண்ணிலிருந்து வந்த தண்ணீரும் ஒன்றாகப் போயின.

விளக்கு எரிந்தது. கம்பியைத் தூக்கினார்கள்.

வெளியே வரும்போது இருசப்பன் கண்ணாடியைச் சட்டைத் துணியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். வெண்ணிலா பஜ்ஜி வாங்கி வந்தாள்.

"சரி, சொல்லு குஞ்சு," என்றான் அவன். "படத்துல இன்னா இன்னா இருந்துச்சி?"

குஞ்சம்மாள் கையிலிருந்த பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் எங்கய்யா பாத்தேன்? மொத பள்ளத்துலயே கண்ண மூடுனவ. வெளக்கு போட்டப்பறந்தான் தெறந்தேன்."

"மூடிக்கினா இருந்த? பூராவுமா?"

"நீதான சொல்லிக்கினு வந்த. அதக் கேட்டுக்கினுதான் கெடந்தேன்."

இருசப்பனுக்குச் சிரிப்பு வந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. சிரித்துச் சிரித்துப் புரையேறி, வெண்ணிலா தலையில் தட்ட வேண்டியதாயிற்று. "கண்ணு தெரியாதவன் சொல்ல, கண்ண மூடிக்கினவ கேட்டாளாம்! இதுக்கு முன்னூறு ரூவாயாம்!"

"யாரு சொன்னது ஒனக்கு, முன்னூறுன்னு?" என்றாள் குஞ்சம்மாள் திடுக்கிட்டு.

"எனுக்குக் கண்ணுதான் போச்சி. பின்னால நின்னவங்க எல்லாம் அதத்தான பொலம்பிக்கினு இருந்தாங்க."

குஞ்சம்மாள் மகள் பக்கம் திரும்பினாள். "நீயாவது ஒழுங்கா பாத்தியாடி?"

"பாதி பாத்தேன்," என்றாள் வெண்ணிலா. "மீதி, கண்ணாடியக் கழட்டிட்டு ஒங்க ரெண்டு பேரையும் பாத்துக்கினு இருந்தேன்." எண்ணெய்க் கையைத் தாளில் துடைத்துக்கொண்டே வேறு பக்கம் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து இருசப்பன் தொண்டையைச் செருமினான். "இன்னொரு வாட்டி போவலாமா?"

"அடிச்சிக் கொன்னுடுவேன்," என்றாள் குஞ்சம்மாள்.

திரும்புகிற பஸ்ஸில் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்தது. சன்னலோரம் அவள். பஸ் ஊரைத் தாண்டியதும் பழக்கத்தில் வாயெடுத்தாள். பேச்சு வரவில்லை. உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது. அவன் பேசிக்கொண்டிருந்தான். முதன்முதலில் கயிற்றில் இறங்கியபோது தனக்கு இதே மாதிரி கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது, மூத்த ஆள் ஒருவர் மேலேயிருந்து திட்டித் திட்டி இறக்கியது. இதெல்லாம் அவளுக்குத் தெரியாத கதைகள். பேசினால் கிணறு ஞாபகம் வருமே என்று அவள் அந்தப் பக்கமே போனதில்லை. அவனும் போகமாட்டான் என்று நினைத்திருந்தாள்.

கேட்டுக்கொண்டே அவன் தோளில் தலை சாய்ந்தது. பஸ்ஸில் அவள் தூங்கியதே இல்லை. தூங்கினால் யார் சொல்வது, எங்கே இறங்குவது என்று யார் பார்ப்பது? அன்றைக்குத் தூங்கிவிட்டாள்.

"எழுந்திரு குஞ்சு. அடுத்த ஸ்டாப்பு நம்மளுது."

விழித்துப் பார்த்தால் ஊர் வந்திருந்தது. "எப்பிடித் தெரிஞ்சிது ஒனக்கு?"

"கரும்பு ஆல வாட வந்து, அப்பறம் ரெண்டு வேகத்தட தாண்டுனா நம்ம ஊருதான. எப்பவும் தெரியும். நீ சொல்லுவல்ல, அதான் நான் சொன்னதில்ல."

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனாலும் குஞ்சம்மாளுக்கு அது உள்ளே போய்த் தங்கிவிட்டது. ராத்திரி படுத்தபின்னும் யோசித்தாள். அவன் பேச மாட்டேன் என்று இருந்தானா, இல்லை தான்தான் இத்தனை வருஷமாக இடைவெளியே விடாமல் பேசிக்கொண்டு இருந்தோமா? காலியாகிக் கிடக்கிறானே என்று அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவனிடம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவே தோன்றவில்லை.

இரண்டாம் நாள் வெண்ணிலா திருப்பூருக்குப் பஸ் ஏறினாள். போனில் முன்பெல்லாம் அம்மாவிடம்தான் பேசுவாள். அப்பா "நல்லா இரும்மா" என்பதோடு போனைக் கொடுத்துவிடுவார். அந்தப் பொங்கலுக்குப் பிறகு அப்பாதான் ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுச் சண்டையில் யார் குரல் முதலில் இறங்கியது, தெருவில் எந்த மாடு ஈனப் போகிறது என்று அவரிடம் சேதி நிறைய இருந்தது. குஞ்சம்மாள் பேச்சை விட்டுவிடவில்லை. ஆனால் நடுநடுவே நிறுத்த ஆரம்பித்தாள். நிறுத்தினால் அவன் எடுத்துக்கொள்வான் என்று கண்டுகொண்டாள்.

அடுத்த வருஷம் பொருட்காட்சி வந்தது. அந்தக் கொட்டகை வரவில்லை. வெண்ணிலாவுக்கு வருத்தம். பழையபடி புளிச்சோறு கட்டிக்கொண்டு அணைக்குப் போனார்கள். கரை மேல் சனம் திருவிழாவாகக் குந்தியிருந்தது. ஒரு மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்ததும், குஞ்சம்மாள் வாயைத் திறந்தவள், என்னவோ நினைத்துக்கொண்டு மூடினாள்.

"நீ சொல்லு," என்றாள். "இங்க இன்னா இன்னா கீது?"

இருசப்பன் முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பினான்.

"தண்ணி இந்த வருசம் ஜாஸ்தி. கல்லுல மோதற சத்தம் கனமா இருக்குது. அந்தாண்ட ஒரு கொயந்த தூக்கத்துக்கு அழுவுது, அவங்கம்மா அது பசின்னு நெனச்சிக்கினு ஊட்டறா. நமக்குப் பின்னால, கொஞ்சம் தள்ளி, புதுசா கண்ணாலம் ஆன ஜோடி ஒண்ணு."

"அது எப்பிடித் தெரியும்?"

"ஆரஞ்சிப் பழம் உரிக்கறான். எம்மா நேரமா உரிக்கறான் தெரியுமா. ஒவ்வொரு சொளையா நாரு எடுத்துத் தரான் போல. கண்ணாலம் ஆயி நாளானவன் எவன் அப்பிடி உரிப்பான்?"

குஞ்சம்மாள் திரும்பிப் பார்த்தாள். புது மஞ்சள் கயிறு மின்ன ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஒரு பையன் குனிந்து, சுளையிலிருந்து வெள்ளை நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாய்யா," என்றாள். "அப்பறம்?"